அந்தரத்தில் நின்ற கால்

வீட்டில் எனக்குக் குடைச்சல் என்று பெயர். பள்ளியில் கொடுத்த பெயர் வேறு இருந்தது, ஆனால் அம்மா அதைச் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் போட்டுத் திருகாணியைத் தேடுகிற பிள்ளைக்கு வேறென்ன பெயர் பொருந்தும் என்பது அவள் வாதம். நின்றுபோன கடிகாரம், இரைகிற மின்விசிறி, அடுத்த வீட்டு ரேடியோ எல்லாம் என்னிடம் வந்தன. நான் திறந்து, ஊதி, ஒரு கம்பியை நிமிர்த்தி, இன்னொன்றை மடக்கி மூடுவேன். பாதி நேரம் ஓடிவிடும். "அவ கை பட்டாப் போதும், கைராசி" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதைக் கேட்கப் பிடித்திருந்தது.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. ஒரு பொருள் ஓட ஆரம்பித்ததும் அதன்மேல் எனக்கிருந்த ஆசை போய்விடும். ஓடாதபோது அதைச் சோறு தண்ணீர் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், ஓடியதும் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவேன். ஏன் ஓடியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் மட்டும் இருக்கும்.

கணினிப் பொறியியல் படிக்கப் போனதும் இந்தக் குணத்தோடுதான். இரண்டாம் ஆண்டு படிக்கையில் அப்பாவுக்காக ஒரு விளக்குச் செய்தேன். அச்சகத்தில் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. அம்மா முன்னறையில் திரைச்சீலை தைப்பாள். தையல் மெஷின் சத்தத்தில் அவளுக்கும் கதவு தட்டுவது கேட்காது. வருகிறவர்கள் தட்டிப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். நான் வாசலில் ஒரு பட்டன் வைத்து, கம்பி இழுத்து, அப்பாவின் நாற்காலிக்கு எதிரே, குளியலறையை ஒட்டிய சுவரில் ஒரு சின்ன போர்டை அறைந்தேன். நகத்தளவு சிப், இரண்டு மூன்று உதிரிகள், ஒரு பச்சை விளக்கு. பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும், விட்டால் அணையும். அப்பா அன்று மாலை முழுக்க என்னை வெளியே போய் அமுக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க" என்று விருந்தாளியைப் போல என்னை உள்ளே அழைத்தார்.

அம்மாவுக்கும் பெருமைதான். ஆனால் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்டால், "சும்மா ஏதாவது விளையாடிக்கிட்டு இருப்பா" என்பாள். குறையாகச் சொல்வதில்லை. குழந்தை சமர்த்தாக விளையாடுகிறது என்பது போன்ற ஒரு குரல். எனக்கு வயது ஏற ஏற அந்தச் சொல் உறுத்தியது. தான் செய்வதை அம்மா வேலை என்றுதான் சொல்வாள். என் விளையாட்டு எந்த இடத்தில் வேலையாகும், யார் சொன்னால் ஆகும் என்று யோசித்துக்கொண்டே கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஆண்டில்தான் அந்த நிறுவனத்துக்குப் போனேன். மாடியில் நான்கு அறைகள். முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அழைப்பு மணி செய்கிறார்கள். படுத்திருப்பவர் பட்டனை அமுக்கினால் செவிலியர் மேசையில் விளக்கு எரியும். நிறுவனத்தை நடத்துகிற மேடம் நேர்காணலில் என் மதிப்பெண்களை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கையில் என்ன என்று கேட்டார். அப்பாவின் விளக்கைப் போலவே இன்னொன்று செய்து கொண்டுபோயிருந்தேன். இடது உள்ளங்கையில் போர்டை வைத்துக்கொண்டு பட்டனை அவர் பக்கம் நீட்டினேன். அமுக்கினார், எரிந்தது. விட்டார், அணைந்தது. நான்கைந்து முறை செய்து பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதாகத் தாங்கள் யோசித்ததில்லை என்றார். ஐந்து போர்டுகள் செய்து கொடு, எங்கள் சோதனை அறையைத் தாண்டிவிட்டால் ஒரு முதியோர் இல்லத்தில் மாட்டிப் பார்க்கலாம், படிப்பு முடிந்ததும் வடிவமைப்புப் பிரிவில் உனக்கு ஓர் இடம் இருக்கும் என்றார்.

வடிவமைப்புப் பிரிவு என்பது சன்னலோரம் இரண்டு மேசைகள். ஒன்று காலியாக இருந்தது. வெளியே வரும்போது அந்த மேசையை நான் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐந்தையும் செய்தேன். அம்மா துணி வெட்டும் மேசையில், அவள் கத்தரிக்கோலுக்கு இடம் விட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கையிலெடுத்து அமுக்கிப் பார்த்துப் பெட்டியில் அடுக்கினேன். எல்லாம் சமர்த்தாக எரிந்து அணைந்தன.

சோதனை அறையில் இருந்தவளை அலுவலகம் முழுவதும் ஃபெயில் அக்கா என்று அழைத்தது. என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவளாக இருப்பாள். எதைக் கொடுத்தாலும் ஃபெயில் போடுவதால் வந்த பெயர். அவளும் தொலைபேசியை எடுத்து, "ஃபெயில் அக்கா பேசறேன்" என்றுதான் சொன்னாள். அவளிடம் ஒரு சட்டம் உண்டு. செய்தவர் சோதனை அறைக்குள் இருக்கக் கூடாது. நான் எப்படி மாட்டுவதென்று காட்டட்டுமா என்று கேட்டேன்.

"முதியோர் இல்லத்துக்கும் போய்க் காட்டுவியா?" என்றாள். "வெளிய இரு."

நடைபாதையில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஐந்து போர்டுகளையும் ரப்பர் விரித்த மேசையில் வரிசையாக வைத்து, கம்பி மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பட்டனைத் தொடவே இல்லை. இரண்டாவது போர்டின் விளக்குத் தானாக எரிந்தது. பிறகு நான்காவது. மேசை விளக்கைப் போட்டபோது ஐந்தாவதும் எரிந்தது. அதற்குப் பிறகுதான் அவள் ஒரு பட்டனை அமுக்கி விரலை எடுத்தாள், எரிந்த விளக்கு அணையவே இல்லை. சொல்லித் தந்தபடி நடக்காமல் சபையில் மானத்தை வாங்குகிற பிள்ளைகளைப் பெற்றவள்போலக் கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்துக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள். நான் உள்ளே போய் முதல் போர்டைக் கையில் எடுத்தேன். அமுக்கினேன், எரிந்தது. விட்டேன், அணைந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. அவள் வாங்கி மேசையில் வைத்தாள், எரியத் தொடங்கியது. நான் எடுத்தேன், அணைந்தது. அவளே மறுபடி ஒரு முறை வாங்கி வைத்துப் பார்த்தாள்.

"எனக்குக் கைராசின்னு வீட்ல சொல்லுவாங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்போ ஒவ்வொரு போர்டு கூடவும் உன்னையும் டப்பால போட்டு அனுப்பணும்" என்றாள் அவள். "கட்டிலுக்குக் கட்டில் நீ நிக்கணும். ஆகுமா?"

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்து வைத்தேன். மேடம் வந்து சிவப்புச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, வார முடிவு வரைக்கும் பார், ஆகாவிட்டால் வேறு ஒருவரை அந்த மேசைக்குத் தேடுவேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பழைய வழியில் இறங்கினேன். குடைவது, மாற்றுவது, ஓடுகிறதா என்று பார்ப்பது. சிப்புக்குள் இருக்கும் நிரலை மாற்றி, பட்டன் அமுங்கியதா என்று ஒரு முறைக்குப் பத்து முறை பார்க்கச் சொன்னேன். பத்தில் ஏழெட்டுத் தடவை ஆமாம் என்றால் மட்டும் விளக்கை எரி. மறுநாள் சோதனை அறையில் வைத்தபோது ஐந்தில் மூன்று அமைதியாக இருந்தன. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் மற்ற இரண்டும் அடங்கிவிடும் போலிருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய நானாக இருந்தால் அதோடு எழுந்து கை கழுவியிருப்பேன்.

ஆனால் இந்த முறை எனக்கு ஆசை போகவில்லை. போர்டு அடங்கினால் என்ன, என் கையில் ஏன் முதலிலிருந்தே அடங்கியது? அவள் கைக்கும் என் கைக்கும் என்ன பேதம்? பேருந்தில் நின்றுகொண்டு கம்பியைப் பிடித்திருந்த என் கையை ஒரு புதுச் சாமானைப்போலப் பார்த்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருடமாக ஊர் முழுக்க இந்தக் கையைப் புகழ்ந்ததை நான் ஒரு முறையாவது குடைந்து பார்த்திருக்கிறேனா? எல்லாவற்றையும் திறந்து பார்த்தவள், என்னை மட்டும் மூடியே வைத்திருந்தேன். அந்த எண்ணம் வந்ததும் பயமாக இல்லை, ஒரு திருகாணியைக் கண்டுபிடித்தது போலத்தான் இருந்தது.

அன்று அம்மாவிடம் கேட்டேன், அப்பாவின் விளக்கு எப்போதாவது தானாக எரிந்திருக்கிறதா என்று. அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், "ஏன், இப்ப என்ன அதுக்கு?" என்றாள். அம்மா பதிலுக்குக் கேள்வி கேட்டால் உள்ளே விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

விடாமல் குடைந்ததும் சொன்னாள். வெயில் காலத்தில் எரியும். வாசலில் ஆளே இருக்காது. அப்பா எழுந்து போய்க் கதவைத் திறந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு வந்து உட்காருவார். சில நாள் இரண்டு தரம், மூன்று தரம்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாரு. புள்ள செஞ்சு குடுத்தது, அதுல போய் நொட்டை சொல்வாங்களான்னு."

அப்பா எதிரே உட்கார்ந்து எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறோம் என்று அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்போல, "நடந்தா காலுக்கு நல்லதுதானே" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதே நேரத்தில் மனத்தின் இன்னொரு மூலையில், வெயில் காலத்தில் மட்டும் ஏன் என்று ஒரு கேள்வி எழுந்து நின்றது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இப்படி ஒரு மனம் எனக்கிருப்பது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. அழ வேண்டியவள் எழுந்துபோய்க் குளியலறைச் சுவரைத் தடவிப் பார்த்தேன். அந்தச் சுவர் எப்போதும் கசியும். சுண்ணாம்பு உப்பிப் போயிருக்கும். வெயில் காலத்தில் மட்டும் காயும்.

ஈரம். என் கையிலும் இருப்பது அதுதானா?

மறுநாள் காலை பழைய நிரலையே சிப்பில் திரும்ப ஏற்றினேன், மறைத்து வைத்த குற்றம் மறுபடி வெளியே வரட்டும் என்று. அம்மாவின் துண்டுத் துணிகளை எடுத்துக்கொண்டேன். போர்டை மேசையில் தனியே விட்டேன், விளக்கு எரிந்தது. உள்ளங்கையில் வைத்தேன், அணைந்தது. கைக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு துணியை மடித்து வைத்தேன், எரிந்தது. துணியை நனைத்துப் பிழிந்து மேசையில் விரித்து அதன்மேல் போர்டை வைத்தேன், அணைந்தது. போர்டைத் தொட்டது ஈரத் துணிதான், என் கை இல்லை. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். அவள் கையில் வைக்கச் சொன்னேன், விரல் நுனிகளால் அவள் பிடித்தபோது எரிந்தது. என்னைப் போல உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலை அடியில் கொடுக்கச் சொன்னேன். அணைந்தது.

"எனக்கும் கைராசி வந்துடுச்சு" என்றாள் அம்மா.

போர்டைத் திருப்பினேன். நான் எப்போதும் பிடிக்கிற மாதிரி பிடித்து, கட்டை விரல் எங்கே படிகிறது என்று பார்த்தேன். சிப்பின் இரண்டு கால்கள் அங்கே ஈயத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தன. ஒன்று பட்டனிலிருந்து கம்பி வந்து சேரும் கால். இன்னொன்று கிரவுண்டு, மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்கும் கால். பட்டன் அமுங்காதபோது முதல் காலுக்கு எந்தப் பிடியும் இல்லை. அது அந்தரத்தில் நின்றது. ஆமாம் என்றும் சொல்லத் தெரியாமல் இல்லை என்றும் சொல்லத் தெரியாமல், பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் இரைச்சலைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தது. என் கட்டை விரலின் வியர்வை அதைக் கிரவுண்டோடு கட்டிப் போட்டிருந்தது. வீட்டில் சுவரின் கசிவு அந்த வேலையைப் பார்த்தது. ஃபெயில் அக்கா போர்டை ஓரத்தில் மட்டும்தான் தொட்டாள். அவளிடம் அது தன் சுபாவத்தைக் காட்டிவிட்டது.

அந்தரத்தில் நிற்கும் காலைக் கிரவுண்டோடு இழுத்துக் கட்ட ஒரு ரெசிஸ்டர், ஒரு சின்ன மின்தடை, வேண்டும். அரிசியைவிடச் சிறியது. எனக்கு அது தெரியாததும் இல்லை. முதல் ஆண்டுத் தேர்வில் அந்தரத்தில் விட்ட கால் எப்படிப் பிதற்றும், எதைக் கொண்டு கட்ட வேண்டும் என்று படம் வரைந்து, பாகம் குறித்து எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் எழுதியவள் வேறு, அம்மாவின் மேசையில் குடைந்துகொண்டிருந்தவள் வேறு. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அதைவிட விசித்திரமாகத் தோன்றியது இன்னொன்று. நான் செய்த பொருளில் நானே ஒரு பாகமாக இருந்திருக்கிறேன். வரைபடத்தில் இல்லாத பாகம். நான் விலகினால் அது ஓடாது. இத்தனை காலம் நான் அதைத்தான் திறமை என்று நினைத்திருந்தேனா? பாராட்டுக் கேட்கும்போதெல்லாம் கை சற்றே வியர்க்குமே, அதுவா?

ஐந்து ரெசிஸ்டர்களையும் பற்றவைத்துக்கொண்டு போனேன். ஃபெயில் அக்கா சோதனை செய்யும்போது மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்து என்ன மாற்றினாய் என்று கேட்டார். நிரலில் சின்னத் திருத்தம் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் திருத்தமும் என்னிடம் இருந்தது, அதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. சன்னலோரத்து மேசை கண்ணில் பட்டது.

"ஒரு கால் அந்தரத்துல நின்னுச்சு மேடம். நான் கட்டாம விட்டுட்டேன். இவ்வளவு நாளா என் கட்டை விரல்தான் அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இது முதல் வருஷப் பாடம் இல்ல?"

"ஆமா மேடம். நல்லாத்தான் எழுதியிருந்தேன்."

கட்டை விரலை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். துணியையும், சுவரையும், வெயில் காலத்தையும் சொன்னேன். அப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்ததையும், சொல்லாமல் விட்டால் விளக்கம் முழுமையாகாது என்பதால், சொல்லி முடித்தேன். அதற்குள் ஃபெயில் அக்கா வந்து ஐந்தும் பாஸ் என்று அறிவித்தாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதைக் கேட்டு வெளியே யாரோ கைதட்டினார்கள். அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

போர்டுகள் முதியோர் இல்லத்துக்குப் போகும் என்றார் மேடம். பிறகு என்னைப் பற்றிச் சொன்னார். வடிவமைப்பு மேசை இப்போது இல்லை. பாடத்தில் தெரிந்தது கைக்கு வந்து சேராதவரை அங்கே உட்கார வைக்க முடியாது. ஆனால் படிப்பு முடிந்ததும் சோதனை அறையில் ஓர் இடம் தர முடியும். மற்றவர்கள் செய்ததை ஒரு வருடம் உடைத்துப் பார், அதற்குப் பிறகு நீயே வந்து அந்த மேசையைக் கேள். வேண்டாமென்றால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன், யோசித்துச் சொல் என்றார்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். ஏமாற்றம்தான். இல்லையென்று சொன்னால் பொய். புதிதாக ஒன்றைச் செய்கிறவள் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன், மற்றவர் செய்ததில் நொட்டை சொல்கிறவள் என்று ஆகப் போகிறேன். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேடினேன். தேடும்போதே தெரிந்தது, அம்மா இதை வேலை என்பாளா விளையாட்டு என்பாளா என்பதற்காக மட்டும் நான் இங்கே வரவில்லை. இந்த வாரம் முழுவதும், பயத்துக்கு நடுவிலும், நான் காலையில் துள்ளி எழுந்தேன். அந்தச் சிவப்புச் சீட்டுகள் ஒட்டியிருக்காவிட்டால் என் கை எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபெயில் அக்கா மேசையைத் துடைத்துவிட்டு, பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து வைத்தாள். அதில் சீட்டே இல்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு தலையை மட்டும் நீட்டி, அது என்ன என்று கேட்டேன்.

"இதுவும் நம்ம மணிதான். மாடிக் கட்டடத்துல மாட்டினா கெட்டுப்போகுது. கீழ் வீட்ல மாட்டினா நல்லாருக்கு" என்றாள். "ஏன்னு யாருக்கும் தெரியல. எனக்குந்தான்."

"எந்த மாடி? எல்லா மாடியுமா?"

"ரெண்டாவதுக்கு மேல."

"லிஃப்ட் இருக்கற கட்டடமா?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாள். கேட்டுச் சொல்வதாகத் தொலைபேசியை எடுத்தவள், எண்ணை அழுத்தும் முன்னால் காலியாக இருந்த இன்னொரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் திரும்பிப் போய் மேடத்தின் கதவைத் தட்டி, சோதனை அறையில் சேருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து அதில் உட்கார்ந்தேன்.